சாமக் காவல்

முதல் சாமம்

ஆறு மணிக்குப் பள்ளத்தில் இருட்டு கட்டியது. அங்கிருந்து மெல்ல மேலேறி, மிளகுக்கொடி சுற்றிய மரங்களின் இடுப்பைத் தொட்டு, கடைசியில் பலாமர உச்சியையும் மூடிவிட்டது. மலையில் இரவு கீழிருந்துதான் வருகிறது.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான திருப்புலி நாட்டில் இருக்கிறேன். குச்சிக்கிழங்குக் காட்டோரம் நாலு கால் நட்டுக் கட்டிய பரண். கீழே பெரியவர் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டுகிறார். மார்கழிக் குளிர். கிழங்கு திரண்டிருக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி உள்ளே புகுந்தால், மாதக்கணக்கில் பட்ட பாடு மண்ணோடு போகும். அதற்காகத்தான் காவல்.

காவல் அவருடையது. அவருடைய பேரன் ஊரில் இல்லாததால் இன்று நான் துணை. "ஒத்தையாளு காவலுக்கு ஆகாதுங்க" என்றார். "ஏனுங்க?" என்றேன். "அவன் தூங்கிப் போனா யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியாதே."

அந்தச் சொல் மனசில் தங்கிவிட்டது. என் அக்கா மகள் விமானி. துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விமானத்தில் ஏன் இரண்டு பேர் என்று ஒருமுறை அவளிடம் கேட்டபோது, வேலைப் பங்கீடு பற்றி நிறையச் சொல்லிவிட்டு, இறுதியில் பெரியவர் சொன்னதைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னாள். களைத்த மூளை கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் உறங்கிவிடும். உறங்கியது அதற்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம் என்று வகுத்தது தொல்காப்பியம். மலைக்குரிய நேரம் நள்ளிரவு. தினைப்புனத்துப் பரணும் காவலும் சங்கப் பாட்டுகள் முழுக்க வருகின்றன. வல்வில் ஓரி ஆண்ட இந்த மலையும் வருகிறது. இரவில் விழித்திருப்பது இங்கே இரண்டாயிரம் ஆண்டு வேலை. ஆனாலும் அன்றிலிருந்து இன்றுவரை அது மனித உடம்புக்கு எளிதாகிவிடவில்லை.

தென்கிழக்கே திருச்சி. அந்தத் திசையில் ஒரு விளக்குப் புள்ளி சத்தமில்லாமல் இறங்குகிறது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் நினைவுக்கு வருகிறது. கிளம்பியதும் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. எரிபொருள் நிறைந்த பாரத்தோடு இறங்கக் கூடாது என்பதால், 140-க்கும் மேற்பட்ட பயணிகளோடு இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டமிட்டார்கள். இரவு எட்டேகாலுக்குப் பத்திரமாக இறங்கினார்கள். தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. அந்த விமானிகளின் துணிவை எல்லோரும் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நான் அன்றிரவு வேறொன்றையும் நினைத்தேன். அவர்கள் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். அந்தத் தூக்கத்தை யாரோ அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் சாமம்

ஒன்பதரை. அறுமீன் உச்சிக்கு வந்துவிட்டது. பெரியவர் ஒரு சுற்றுப் போய்த் தகரத்தைத் தட்டிவிட்டு வந்தார். மலைச்சரிவில் இன்னொரு காட்டிலிருந்து பதில் தகரம் கேட்டது. கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கடைசிப் பேருந்து வந்திருக்கும். ஊர்களில் இரவு தங்கும் பேருந்துகளை நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். கடைசி நடை முடிந்ததும் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். விடிகாலை முதல் நடை அவர்களுடையதே. அந்த வண்டியில் யாரும் போய்த் தட்ட மாட்டார்கள். காலையில் பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் அத்தனை பேரும் அந்தத் தூக்கத்தின் மேல்தான் ஏறிப் போகிறார்கள்.

விமானிகளும் இப்படி வெளியூரில் தங்குகிறார்கள். அதை லேஓவர் என்கிறார்கள். கேட்பவர்க்கு அது ஊர் சுற்றுவதாகத் தோன்றும். அக்கா மகளின் லேஓவர் பெரும்பாலும் கனத்த திரைச்சீலை இழுத்த ஒரு அறை. பகல் பதினொரு மணிக்கு அதில் இரவை உண்டாக்க வேண்டும். காதில் பஞ்சு, கதவில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை. வெளியே தாழ்வாரத்தில் பெருக்கும் சத்தம்.

அவளுடைய மாதம் ரோஸ்டரில் தொடங்குகிறது. எந்த நாள் பறப்பு, எந்த நாள் ஓய்வு, எந்த நாள் ஸ்டாண்ட்பை என்று வரும் பட்டியல். ஸ்டாண்ட்பை என்றால் வீட்டிலேயே இருக்கலாம். சீருடை இஸ்திரி போட்டபடி, பெட்டி கட்டியபடி, கைபேசி கையெட்டும் தூரத்தில். கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடாவிட்டாலும் அந்த நாள் அவளுடையதாக இருப்பதில்லை. விடிகாலைப் பறப்பு என்றால் மாலை ஆறரைக்கே படுக்கப் போவாள். அக்கா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பாள். குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள்வாள். நள்ளிரவு தாண்டி எழுந்து, தலை பின்னி, காரில் ஏறி, விமான நிலையத்தில் மது அருந்தவில்லை என்று ஊதிக் காட்டி, வானிலைத் தாள்களைப் படித்து, எரிபொருள் எவ்வளவு என்று கேப்டனோடு முடிவு செய்து, கையில் டார்ச்சோடு விமானத்தைச் சுற்றி வந்து, சக்கரத்தையும் இறக்கையையும் பார்த்த பிறகுதான் இருக்கை.

வாரத்துக்கு 35 மணி நேரமும் ஆண்டுக்கு 1,000 மணி நேரமும்தான் பறக்கலாம் என்பது இந்திய விதி. இவ்வளவுதானா என்று தோன்றும். விமானம் நிறுத்தத்திலிருந்து நகரத் தொடங்கிய கணம் முதல், போய்ச் சேர்ந்து நிற்கும் கணம் வரைதான் அந்தக் கணக்கு. காத்திருந்தது, தயாரானது, தூங்க முயன்று புரண்டது எதுவும் அதில் சேராது. களத்துமேட்டில் அளந்த மூட்டையை மட்டும் எண்ணினால் உழவு தெரியாமல் போவதுபோல.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை. இயந்திரம் எரிவதும் காற்று புரட்டுவதுமாக அத்தனை ஆபத்தையும் அறைக்குள் கொண்டுவந்து கேள்வி கேட்பார்கள். ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை. அதில் தேறாவிட்டால் அன்றோடு பறப்பு நிற்கும். உடம்பே உரிமமாக இருக்கும் தொழில் அது. அந்த உடம்பு உட்கார்ந்திருக்கும் காற்றையும் நினைத்துப் பார்க்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும் இந்த மலை ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்து மலையின் அளவுக்குக் குறையலாம். ஊட்டி நகரத்தைவிட உயரம், தொட்டபெட்டாவைவிடச் சற்றுத் தாழ்வு. ஈரம் மட்டும் மலையின் ஈரம் இல்லை. பாலைவனத்துக் காற்றைப்போல வறண்டது. அந்தக் காற்றை வாரத்துக்கு நாலைந்து நாள் மூச்சிழுக்கிறார்கள்.

அவள் மேசையில் உலகப் பொது நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று உண்டு. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். விமானத் தொழிலின் தாள்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான். "எந்த ஊருல இருக்கேங்கறது கஷ்டம் இல்ல மாமா. எந்த மணியில இருக்கேங்கறதுதான்" என்றாள் ஒருநாள். கடிகாரத்தின் மணி ஒன்று, ஊரின் மணி ஒன்று, உடம்பின் மணி ஒன்று.

மூன்றாம் சாமம்

பன்னிரண்டு தாண்டிவிட்டது. பெரியவர் என்னைப் படுக்கச் சொன்னார். இரண்டு மணிக்கு எழுப்புவதாக ஏற்பாடு. தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

நம் முன்னோர் இரவை நாலு சாமமாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். முல்லைப்பாட்டில் பாசறையில் தண்ணீர்க் கடிகை பார்த்து நேரம் சொல்லும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். இரவை அளப்பது காவலின் முதல் வேலை. யார் எவ்வளவு நேரம் விழித்திருந்தார்கள் என்று தெரிந்தால்தான் யாரைத் தூங்கவைப்பது என்று தெரியும்.

இந்திய விமானத் துறையின் தலைமை இயக்ககமும் ஒருவகை நாழிகைக் கணக்கர்தான். விமானிகளின் பணி நேர விதியில் இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை என்று இருந்தது. 2024 ஜனவரியில் வெளியான திருத்தத்தில் அது ஆறு மணிவரை நீட்டப்பட்டது. மூன்றாம் சாமமும் நாலாம் சாமமும் முழுசாக இரவுக்குள் வந்துவிட்டன. வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்று இருந்தது இரண்டாகச் சுருங்கியது. இரவைத் தொடும் பணியில் பறப்பு 8 மணி நேரம், மொத்தப் பணி 10 மணி நேரம் என்று வரம்பு விழுந்தது.

இந்த விதி தானாக நடைமுறைக்கு வரவில்லை. விமானி சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின. அதன் பிறகு 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக அமலானது. டிசம்பர் முதல் வாரத்தில், புதிய விதிக்கு ஏற்றபடி விமானிகளை ஒழுங்கு செய்திராத இன்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. திருமணத்துக்குப் போக வேண்டியவர்கள், நேர்காணலுக்குப் போக வேண்டியவர்கள், சிகிச்சைக்குப் போக வேண்டியவர்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அந்தத் துயரம் உண்மையானது. அதைத் தணிக்க, அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதியில் 2026 பிப்ரவரி 10 வரை தளர்வு கொடுக்கப்பட்டது.

அந்த நாட்களில் அடிக்கடி கேட்ட பேச்சு ஒன்று என்னைச் சங்கடப்படுத்தியது. விமானிகள் தூங்க வேண்டுமாம், அதற்காக நாம் அவதிப்பட வேண்டுமா என்ற பேச்சு. தூங்குவதைச் சோம்பலோடு சேர்த்தே நமக்குப் பழக்கிவிட்டார்கள். படிக்கிற பிள்ளை தூங்கினால் குற்றம், வேலை செய்கிறவர் தூங்கினால் குற்றம். விழித்திருப்பவரைத்தான் மெச்சுகிறோம். விழிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். பறப்புக்கு முந்தைய 12 மணி நேரம் விமானி மது தொடக் கூடாது என்பது நம் விதி. மூச்சில் மதுவை அளக்கக் கருவி இருக்கிறது. தூக்கக் கடனை அப்படி வாசலில் நிறுத்தி அளந்து சொல்ல ஒரு கருவி இல்லை. என்னால் இன்று முடியாது என்று விமானியே வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பெயர் கெடுமோ, பதவி உயர்வு தள்ளுமோ என்ற பயம் தொண்டையில் நிற்கும். ஒரு வார்த்தையை அச்சமில்லாமல் சொல்ல முடிகிற இடம்தான் பாதுகாப்பான இடம்.

நாலாம் சாமம்

நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. பெரியவர் தோளைத் தொட்டபோது மூன்றே கால். இரண்டுக்கு எழுப்பாமல் என்னைத் தூங்க விட்டிருக்கிறார். எழுந்து உட்கார்ந்தேன். எங்கே இருக்கிறேன் என்பது பிடிபடவே சிறிது நேரம் ஆனது. கையில் தகரம் இருந்தது, எதற்கென்று தெரியவில்லை.

தூக்கத்தின் இந்தப் பின்கட்டு எல்லோருக்கும் தெரியும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவரின் உடம்பு எழுந்த பிறகும் மூளை சில நிமிடங்கள், சிலபோது அரை மணி நேரம், பின்தங்கியே வரும். பரணில் இது சிறு விஷயம். 2010 மே 22 விடிகாலை அது சிறு விஷயமாக இருக்கவில்லை. துபாயிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை ஆறு மணியை ஒட்டி மங்களூரில், குன்றின் தலையைச் சமன் செய்து அமைத்த ஓடுபாதையில் இறங்கியது. பாதையில் நெடுந்தூரம் தாண்டி இறங்கியதால் நிற்க இடம் போதாமல் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். குரல் பதிவில் கேப்டன் நெடுநேரம் ஆழ்ந்து உறங்கிய மூச்சொலி இருந்தது. அந்த உறக்கத்தின் பின்கட்டு அவர் முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கிறது என்று விசாரணை அறிக்கை சொன்னது. மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது.

மூன்று முறை. அந்த எண்ணைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. இருவரில் ஒருவர் விழித்திருந்தார். சொல்லவும் செய்தார். அவர் சொல் சென்று சேரவில்லை.

இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையிலான நேரத்தை உடம்பின் தாழ்வு நேரம் என்று விமான விதிகள் குறிக்கின்றன. உடம்பின் உள்சூடு விடிவதற்குச் சற்று முன் அடியில் இருக்கும். சாமக்கோழி கூவும் இந்த நேரம் மனித உடம்புக்கு அமாவாசை. பயிற்சியாலும் மனத்திடத்தாலும் இதை ஓரளவு தாங்கலாம், கடக்க முடியாது. உடம்பு தன்னுள் வைத்திருக்கும் கடிகாரம் அப்படி.

அந்தக் கடிகாரத்தை நம் மண்ணிலேயே தேடியவர் ஒருவர் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர் எம்.கே. சந்திரசேகரன். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள குகையில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். மனிதர்களையும் கடிகாரம் இல்லாத, வெளிச்சம் புகாத தனி அறையில் வாரக்கணக்கில் தங்கவைத்து, உடம்பு தானாக எந்த மணியில் ஓடுகிறது என்று பார்த்தார்கள்.

வௌவால் ஆய்வில் ஒன்று என்னை எப்போதும் தொடும். பகலும் இரவும் தெரியாத குகை இருட்டில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் அந்தியில் கிளம்பி, விடிவதற்குள் திரும்பிக்கொண்டிருந்தன. வானத்தைப் பார்க்காமலே கூண்டு வௌவால்களும் அதே நேரத்துக்கு எழுந்தன, அதே நேரத்துக்கு அடங்கின. கூட்டம் இல்லாத தனிமையில் வைத்தபோது அவற்றின் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்து, உலகத்தோடு ஒட்டாமல் போனது. சூரியன் காட்டாத மணியை உற்றாரின் வருகையும் போக்கும் காட்டியிருக்கின்றன.

அக்கா மகளை நினைத்துக்கொள்கிறேன். ஊர் எழும்போது அவள் படுக்கிறாள். ஊர் சாப்பிடும்போது அவள் தூங்குகிறாள். போன பொங்கலுக்குப் பால் பொங்கிய நேரத்தில் வேறொரு நகரத்தில் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். தோழியின் கல்யாணத்துக்கு வீடியோவில் வந்தாள். இந்திய விமானிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை பெண்கள். உலகச் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குதான். பெருமைப்பட வேண்டிய கணக்கு. அந்தப் பதினைந்து பேரின் வீட்டிலும் யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குழந்தையை அடுத்த அறைக்குத் தூக்கிப் போகிறார்கள் என்பது கணக்கில் வராதது. தூக்கம் கெடுவதைவிடவும் கூட்டத்தின் மணியிலிருந்து தனியே நகர்ந்து போவதுதான் இந்தத் தொழிலின் பெரிய விலை என்று எனக்குப் படுகிறது.

நாலரைக்கு மூங்கில் பக்கம் சரசரப்பு. பெரியவர் தகரத்தைத் தட்ட, நான் சூந்து கொளுத்தி வீசினேன். கூட்டம் திரும்பிப் பள்ளத்தில் இறங்கிப் போனது. எதிர்ச்சரிவிலிருந்து தகரச் சத்தம் வந்தது. நாங்கள் இருக்கிறோம் என்ற பதில்.

தலைக்கு மேலே, மிக உயரத்தில், ஒரு விளக்கு கிழக்கே போனது. அதிலும் இரண்டு பேர்.

விடிந்த பின்

ஆறரை. அறுமீன் எப்போதோ மேற்கே விழுந்துவிட்டது. பனி புல்லில் வெள்ளையாய் நிற்கிறது. வீட்டுக்கு வந்தோம்.

பெரியவர் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு உள்ளறையில் படுத்தார். அவருடைய மருமகள் வாசல் உரலில் போட வைத்திருந்த தானியத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு உரலுக்குப் போனார். கன்றுக்குட்டியை அவிழ்த்துத் தூரமாகக் கட்டினார். விளையாட வந்த பிள்ளையிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த இரவும் கிழங்கு காக்கப்பட வேண்டும் என்றால், இந்தப் பகலும் காக்கப்பட வேண்டும்.

நேற்று மாலையிலிருந்து தேடியது இதுதான் என்று தோன்றியது. விழித்திருப்பது ஒரு மனிதரின் தனித் திறமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சுற்றியிருப்பவர்கள் சேர்ந்து கொடுப்பது. பரணில் இருப்பவருக்கு வீடு கொடுக்கிறது. பேருந்து ஓட்டுநருக்கு ஊர் கொடுக்கிறது. விமானிக்கு நிறுவனம் கொடுக்க வேண்டும், விதி கொடுக்க வேண்டும், பயணிகளாகிய நாமும் கொடுக்க வேண்டும்.

இதைப் படிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். என்றாவது ஒருநாள் விமான நிலையத்தில், விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டதால் பறப்பு தாமதமாகிறது என்று அறிவிப்பு வரும். காரியம் கெடும், கோபம் வரும். நிறுவனத்திடம் உணவு கேளுங்கள், தங்க இடம் கேளுங்கள், போதிய விமானிகளை ஏன் வைக்கவில்லை என்று கேளுங்கள். அத்தனையும் கேட்கலாம். அந்த இரண்டு பேரைத் தூங்க மட்டும் விடுங்கள்.